ஜெர்மனியில் படிப்பும் வேலையும் கலந்த ஆண்டுகள்: நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு எந்த மாதம் எந்தக் கணக்கில் சேரும்?

ஜெர்மனிக்கு முதுகலை படிக்க வந்து, இடையில் பகுதிநேர வேலை பார்த்து, பட்டம் பெற்றபின் வேலை தேடி, பிறகு ஒரு நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் நிரந்தரக் குடியிருப்பு அனுமதியைப் பற்றிப் பேசும்போது, "வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது" என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கும் நாளைக் கண்டுபிடிக்க முடியாது. சட்டம் பார்ப்பது இரண்டு தனித்தனிக் கணக்குகளை. கையில் இருந்த குடியிருப்பு அட்டை குடியிருப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் எத்தனை மாதம் செல்லுபடியாக இருந்தது என்பது ஒன்று; அரசு ஓய்வூதியக் காப்பீட்டில் எத்தனை மாதங்களுக்குப் பணம் சேர்ந்திருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்ப்பதற்கான வரிசை.

ஒரு முன்னெச்சரிக்கை. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் குடியிருப்புச் சட்டம் பெரிதும் திருத்தப்பட்டது. காத்திருக்கும் காலம் நான்கு ஆண்டுகள் என்றும் 33 மாதங்கள் என்றும் சொல்லும் குறிப்புகள் அதற்கு முந்தையவை, அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

1. அட்டைகளையெல்லாம் தேதி வரிசையில் எழுதுங்கள்

வந்த நாளிலிருந்து இன்றுவரை கிடைத்த ஒவ்வொரு விசா, அட்டை, தற்காலிகச் சான்று ஆகியவற்றின் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, பிரிவு எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிரிவு எண் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல்கலைக்கழகப் படிப்புக்கு 16பி, அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சிக்கு 16ஏ, படிப்புக்குப் பின் வேலை தேடுவதற்கு 20, தொழிற்பயிற்சி பெற்ற பணியாளருக்கு 18ஏ, பட்டம் பெற்ற பணியாளருக்கு 18பி, ஆராய்ச்சியாளருக்கு 18டி, குறிப்பிட்ட சம்பள வரம்பைத் தாண்டிய தகுதிவாய்ந்த பணியாளருக்கான புளூ கார்டுக்கு 18ஜி என்பவை நம்மவர்களிடம் அதிகம் காணப்படுபவை.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செய்யும் வேலை ஒன்றாகவே இருந்தாலும், அட்டையில் உள்ள பிரிவைப் பொறுத்து அந்தக் காலம் முழுவதும் சேரலாம், பாதி சேரலாம், சேராமலும் போகலாம். ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இருவரில் ஒருவரிடம் 18டி அட்டையும் மற்றவரிடம் 16பி அட்டையும் இருந்தால், முதலாமவருக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாமவருக்கு இன்னும் தொடங்கவே இல்லை. பல்கலைக்கழகத்துடன் வேலை ஒப்பந்தம் வைத்திருக்கும் ஆய்வு மாணவர்கள் முதல் ஆண்டிலேயே இதைக் கவனித்து, பொருத்தமான பிரிவுக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, வேலையில் சேர்ந்த நாளைத் தொடக்கமாக எழுதுவது. மாணவர் அட்டையிலிருந்து வேலை அட்டைக்கு மாறும்போது சில மாதங்கள் ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங் எனப்படும் தற்காலிகச் சான்றுடன் இருந்திருப்பீர்கள். அந்தச் சான்று பழைய அட்டை தொடர்வதாகக் கொள்ளவே வழங்கப்படுகிறது. ஆகவே மாணவராக இருந்து அதைப் பெற்றிருந்தால், அந்த மாதங்களையும் மாணவர் காலமாகவே எழுதிவைப்பது பாதுகாப்பானது. புதிய அட்டை எந்த நாளிலிருந்து செல்லும் என்பதே தொடக்கம்.

2. உங்களுக்குத் திறந்திருக்கும் வழிகளைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்

படிப்பும் வேலையும் கலந்தவர்களுக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. ஒன்று மூடியிருந்தால் மற்றொன்று திறந்திருக்கலாம் என்பதால், மூன்றையும் கணக்கிடாமல் முடிவெடுக்கக் கூடாது.

முதல் வழி புளூ கார்டு வைத்திருப்பவர்களுக்கானது. 18சி பிரிவின் 2ஆம் உட்பிரிவு. புளூ கார்டுக்குரிய வேலையில் 27 மாதங்கள் இருந்து, அடிப்படை ஜெர்மன் மொழி, அதாவது ஏ1 நிலை, தெரிந்திருந்தால் போதும். அதற்கு இரண்டு படி மேலான பி1 நிலை இருந்தால் 21 மாதங்கள். ஓய்வூதியப் பணமும் அதே காலத்துக்குச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இதில் படித்த காலம் எந்த வகையிலும் சேராது.

இரண்டாம் வழி 18சி பிரிவின் 1ஆம் உட்பிரிவு. 18ஏ, 18பி, 18டி, 18ஜி ஆகியவற்றில் எந்த அட்டையாக இருந்தாலும் மூன்று ஆண்டுகள் வைத்திருந்து, 36 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் பி1 மொழியறிவும் இருக்க வேண்டும். ஜெர்மனியிலேயே பட்டமோ தொழிற்பயிற்சியோ முடித்தவர்களுக்கு இது இரண்டு ஆண்டுகளாகவும் 24 மாதங்களாகவும் குறைகிறது. படித்த ஆண்டுகள் இங்கே மாதங்களாகச் சேர்வதில்லை. பட்டம் கிடைத்தது என்பதற்காகக் காத்திருக்கும் காலம் ஓராண்டு குறைகிறது. ஆகவே பட்டம் முடிக்காமல் வேலைக்குப் போனவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

மூன்றாம் வழி 9ஆம் பிரிவு எனும் பொது வழி. ஐந்து ஆண்டுகள் குடியிருப்பு, 60 மாத ஓய்வூதியப் பங்களிப்பு, பி1. படிப்புக்கோ தொழிற்பயிற்சிக்கோ முறைப்படி தங்கிய காலத்தில் பாதியை இந்த ஐந்து ஆண்டுகளில் சேர்த்துக்கொள்ளலாம். "படிப்பும் கணக்கில் வரும்" என்று பலர் கேள்விப்பட்டது இதைத்தான். ஆனால் மாணவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இவ்வழியில் விண்ணப்பிக்க முடியாது. வேலை முதலான வேறு நோக்கத்துக்கான அட்டைக்கு மாறியிருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 2020 அக்டோபர் 1 முதல் 2023 செப்டம்பர் 30 வரை மாணவர் அட்டையில் இருந்து, முதுகலை முடித்து, 2023 அக்டோபர் 1 முதல் புளூ கார்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி1 இருந்தால் முதல் வழியில் 2025 ஜூன் 30 அன்று 21 மாதங்கள் நிறைகின்றன. இரண்டாம் வழியில் 2025 செப்டம்பர் 30 அன்று இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. ஏ1 மட்டும் இருந்தால் முதல் வழியில் 2025 டிசம்பர் 31. பொது வழியிலோ 36 மாதப் படிப்பில் 18 மாதங்கள் சேர, மீதி 42 மாதங்கள் வேலை பார்த்து 2027 மார்ச் 31 வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் 60 மாத ஓய்வூதியக் கணக்கு நிறைந்திருக்குமா என்பது வேறு கேள்வி. பட்டதாரிப் பணியில் இருப்பவருக்குப் பொது வழி கடைசிப் புகலிடம் என்பதே என் கருத்து. பட்டத்துக்குரிய வேலை கிடைக்காமல் வேறு வகை அட்டையில் இருப்பவர்களுக்குத்தான் படிப்பின் பாதிக் கணக்கு உண்மையில் உதவுகிறது.

இரண்டாம் வழியைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதல் வேலையில் சம்பளம் குறைவு என்பதால் 18பி அட்டையில் 12 மாதங்கள் இருந்து, பிறகு சம்பளம் உயர்ந்து புளூ கார்டு பெற்றவர், "இனி 21 மாதம்" என்று புதிதாக எண்ணத் தொடங்குகிறார். அவர் ஜெர்மனியில் பட்டம் பெற்றவராக இருந்தால் 18பி காலமும் புளூ கார்டு காலமும் இரண்டாம் வழியில் கூடும். இன்னும் 12 மாதங்களே போதும்.

தொழிற்பயிற்சி வழியாக வந்த செவிலியர்களுக்கும் இதுவே பொருத்தமான வழி. மூன்று ஆண்டுப் பயிற்சியில் மாதந்தோறும் ஊதியத்திலிருந்து ஓய்வூதியப் பணம் பிடிக்கப்படுவதால், பயிற்சி முடியும் நாளிலேயே 36 மாதங்கள் சேர்ந்திருக்கும். 18ஏ அட்டையில் இரண்டு ஆண்டுகள் நிறைவதுதான் மீதி.

வேலை தேடும் 20ஆம் பிரிவு அட்டை 18சி பிரிவின் இரு வழிகளிலும் சேராது. இந்திய நிறுவனம் தன் ஜெர்மன் கிளைக்கு அனுப்பிவைத்த பணியாளர்களின் ஐ.சி.டி. அட்டையும் அந்தப் பட்டியலில் இல்லை.

3. ஓய்வூதியக் கணக்கை எழுத்தில் பெறுங்கள்

மேலே எடுத்த முடிவு சரிதானா என்பது இந்தக் காகிதத்தில்தான் தெரியும். ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஃபெர்சிஷெருங்ஸ்ஃபெர்லவுஃப் என்ற காப்பீட்டு வரலாற்றை இணையத்திலேயே கட்டணமின்றிக் கேட்கலாம். அது தபாலில் வரும். விண்ணப்பிக்க நினைக்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். விடுபட்ட மாதம் ஏதாவது இருந்தால் திருத்துவதற்கு அந்த அவகாசம் வேண்டும்.

மாணவர் காலத்தில் பார்த்த வேலைகளில் எவை சேர்ந்தன என்பதில் பெருங்குழப்பம் நிலவுகிறது. வெர்க்‌ஷ்டுடென்ட் எனப்படும், படித்துக்கொண்டே வேலை பார்க்கும் மாணவராக வாரம் 20 மணிநேரம் வரை வேலை பார்த்தவருக்கு மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் இல்லை. ஆனால் ஓய்வூதியப் பிடித்தம் உண்டு. எனவே அந்த மாதங்கள் சேரும். மினிஜாப் எனும் குறைந்த ஊதியச் சிறு வேலை பார்த்தவர், சேரும் நாளில் ஓய்வூதியப் பங்களிப்பிலிருந்து விலக்குக் கேட்டுக் கையெழுத்திட்டிருந்தால் அந்த மாதங்கள் முழு மாதங்களாகச் சேர்வதில்லை. மாதம் சில யூரோ கையில் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திடும் மாணவர்கள் பின்னால் வருந்துகிறார்கள். படிப்பின் பகுதியாகக் கட்டாயமாக்கப்பட்ட பயிற்சிப்பணிக்கும், விடுமுறைக்கால குறுகிய வேலைக்கும், உதவித்தொகையில் நடக்கும் முனைவர் ஆய்வுக்கும் பங்களிப்பு கிடையாது.

ஒரு மாதத்தில் சில நாட்களுக்கு மட்டும் பங்களிப்பு இருந்தாலும் அது முழு மாதமாகவே எண்ணப்படும். 15ஆம் தேதி வேலையில் சேர்ந்தவர் அந்த மாதத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

மாணவர் காலப் பங்களிப்பு இரண்டாம், மூன்றாம் வழிகளுக்குத்தான் உதவும். புளூ கார்டு வழியில் அந்த 21 அல்லது 27 மாதங்களுக்குரிய பங்களிப்பே கேட்கப்படுவதால், பழைய மாதங்களைக் கொண்டு அதிலுள்ள இடைவெளியை நிரப்ப முடியாது.

காப்பீட்டு வரலாறு வந்தவுடன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, நடப்பு ஆண்டின் மாதங்கள் அதில் இல்லாமல் இருக்கலாம். நிறுவனங்கள் முந்தைய ஆண்டுக் கணக்கை அடுத்த ஆண்டு பிப்ரவரி 15க்குள் தெரிவிப்பதால் இப்படி நேர்கிறது; அந்த மாதங்களைச் சம்பளச் சீட்டுகளால் காட்டலாம். இரண்டாவது, முதல் எழுத்தும் தந்தை பெயரும் இடம் மாறிப் பதிவாகும் நம் பெயர்களால் ஒருவருக்கே இரண்டு காப்பீட்டு எண்கள் உருவாகி, மாதங்கள் இரண்டாகப் பிரிந்துகிடக்கலாம். வி0100 படிவத்தின் மூலம் கணக்கைச் சரிபார்க்கக் கேட்டால் ஒன்றாக்கிவிடுவார்கள். மூன்றாவது, முன்பு ஒருமுறை ஜெர்மனியை விட்டுப் போய், கட்டிய ஓய்வூதியப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர்களுக்கு அந்த மாதங்கள் அழிந்துவிட்டன; அவற்றை எண்ணாதீர்கள். நான்காவது, இந்திய நிறுவனத்தால் அனுப்பப்பட்டு, இந்தியா–ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு உடன்பாட்டின்படி இந்தியாவிலேயே வருங்கால வைப்புநிதி கட்டியவர்களுக்கு இங்கே அந்தக் காலத்துக்குப் பதிவே இருக்காது.

சில மாதங்கள் குறைந்தால் தன்விருப்பப் பங்களிப்பும் சட்டப்படி ஏற்கத்தக்கதே. ஓர் ஆண்டுக்கான தன்விருப்பப் பணத்தை அடுத்த ஆண்டு மார்ச் 31 வரைதான் கட்ட முடியும் என்பதால் குறையை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அவசியம். மருத்துவர், கட்டிடக் கலைஞர் போன்றோர் தங்கள் தொழில்சார் ஓய்வூதிய அமைப்பில் கட்டிய காலத்துக்கு அந்த அமைப்பிடமிருந்து சான்று பெற வேண்டும்.

4. மொழிச் சான்றையும் பொது அறிவுத் தேர்வையும் முன்பே முடியுங்கள்

பி1 என்பது நான்கு திறன்களையும் சோதிக்கும் தேர்வின் சான்று. கோதே, டெல்க் போன்ற தேர்வு அமைப்புகளின் சான்றுகள் வழக்கமாக ஏற்கப்படுகின்றன. ஆங்கிலவழிப் படிப்பில் பட்டம் பெற்றிருப்பது ஜெர்மன் மொழியறிவுக்குச் சான்றாகாது. பல்கலைக்கழக மொழி மையத்தின் வருகைச் சான்றிதழும் ஆகாது.

பொது அறிவுத் தேர்வு என்பது "ஜெர்மனியில் வாழ்க்கை" என்ற தேர்வு. அதில் 33 கேள்விகள். 15 சரியாக இருந்தால் நிரந்தர அனுமதிக்குப் போதும். 17 இருந்தால் குடியுரிமைக்கும் அதுவே பயன்படும். கேட்கப்படக்கூடிய கேள்விகள் மொத்தமும் முன்பே வெளியிடப்பட்டவை, 310தான். ஆகவே தேர்வு கடினமில்லை. உள்ளூர் மக்கள் கல்வி மையத்தில் இடம் கிடைப்பதும், முடிவு தபாலில் வருவதும்தான் தாமதமாகின்றன. தேவையான மாதங்கள் நிறைந்தபின் இத்தேர்வுக்குப் பதிவு செய்பவர், விரைவான வழியில் மிச்சப்படுத்திய மாதங்களை இங்கே இழக்கிறார்.

5. வருமானமும் வீடும்

விண்ணப்பிக்கும் நாளில் அந்த அட்டைக்குரிய வேலை கையில் இருக்க வேண்டும். வேலை ஒப்பந்தம், அண்மைய சம்பளச் சீட்டுகள், நிறுவனம் அண்மையில் கொடுத்த பணிச்சான்று, மருத்துவக் காப்பீட்டுச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், செல்லுபடியாகும் கடவுச்சீட்டு ஆகியவை எல்லா ஊர்களிலும் கேட்கப்படுகின்றன. ஒவ்வொரு நகரத்து அவுஸ்லெண்டர்பெஹோர்டெ எனும் வெளிநாட்டவர் அலுவலகமும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மியூனிக் நண்பரின் பட்டியலைக் கொண்டு பெர்லினில் விண்ணப்பிக்காதீர்கள்.

வேலை மாறியவர்களுக்குச் சோதனைக் காலம் தடையாகலாம். வருமானம் நிலையானதா என்று அலுவலர் மதிப்பிடுவதால், புதிய நிறுவனத்தில் முதல் ஆறு மாதங்களில் விண்ணப்பிப்பவரிடம் அக்காலம் முடியட்டும் என்று சொல்வது வழக்கம். நிரந்தர அனுமதிக்கு மூன்று மாதமே மீதி என்ற நிலையில் நிறுவனம் மாறலாமா என்று கேட்பவர்களிடம், சம்பள உயர்வு பெரிதாக இல்லையென்றால் பொறுத்திருங்கள் என்றே சொல்வேன்.

வீட்டின் பரப்பையும் பார்ப்பார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 12 சதுர மீட்டர், அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 10 சதுர மீட்டர் என்பது வழக்கமான அளவுகோல். மாணவர் காலத்து ஓரறை வீட்டில் மனைவி, குழந்தையுடன் தொடர்ந்து வசிப்பவர்கள் மட்டுமே இதில் சிக்குகிறார்கள்.

6. விண்ணப்பிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்

மாதங்கள் நிறையும் முன்பே முழுமையற்ற விண்ணப்பத்தை அனுப்பிவைப்பதால் வரிசையில் முன்னேறிவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சில ஊர்களில் சில வாரங்கள் முன்னதாக ஏற்கிறார்கள். பல ஊர்களில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நேரில் சந்திக்கும் நாளை முன்பதிவு செய்வது வேறு, விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பது வேறு. முன்பதிவை எவ்வளவு முன்னதாகவும் செய்யலாம்.

நடப்பு அட்டை காலாவதியாகும் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. காலாவதிக்கு முன் விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை பழைய உரிமைகள் தொடரும். பின்னர் விண்ணப்பித்தால் வேலை பார்க்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும். அட்டை காலாவதியாகும் நாளும் மாதங்கள் நிறையும் நாளும் நெருங்கி வந்தால், நிரந்தர அனுமதி கோரி, அது கிடைக்காவிடில் நடப்பு அட்டையை நீட்டிக்கக் கோருகிறேன் என்று ஒரே கடிதத்தில் எழுதுங்கள். நிரந்தர அனுமதிக்கான கோரிக்கை ஏதோ ஒரு மாதக் குறைவால் தள்ளுபடியானாலும், நீட்டிப்புக் கோரிக்கை உயிரோடு இருக்கும்.

எந்தப் பிரிவின், எந்த உட்பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் என்பதை விண்ணப்பத்துடன் வைக்கும் கடிதத்தின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். முதல் அடியில் எழுதிய அட்டைப் பட்டியலையும் மாதக் கணக்கையும் இணையுங்கள். 18பியும் புளூ கார்டும் கலந்த கோப்பைப் பார்க்கும் அலுவலர், புளூ கார்டு நாளிலிருந்து மட்டும் எண்ணி, இன்னும் காலம் ஆகவில்லை என்று பதில் எழுதுவதை இந்த ஒரு பக்கம் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. வழக்கமான கட்டணம் 113 யூரோ.

7. முடிவு வரும்வரை

வேலை மாற்றம், சம்பளக் குறைப்பு, பணிநீக்கம், வீடு மாற்றம் எதுவானாலும் எழுத்தில் தெரிவியுங்கள். அலுவலகம் முடிவெடுக்கும் நாளில் நிபந்தனைகள் நிறைந்திருக்கின்றனவா என்றுதான் பார்க்கும். விண்ணப்பித்த நாளில் எல்லாம் சரியாக இருந்தது என்பது போதாது. வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் கோப்பும் அங்கே போகும், வரிசையும் பின்னுக்குப் போகும்.

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ நீண்ட விடுப்பில் செல்பவர்கள் ஆறு மாத எல்லையை மறக்கக் கூடாது. பொதுவாக அதற்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் சாதாரண அட்டை தானாகவே செல்லாமல் போகிறது. புளூ கார்டுக்கு அந்த எல்லை 12 மாதங்கள். தற்காலிகச் சான்றுடன் பயணம் செய்வதானால், அது பழைய அட்டை தொடர்வதைக் குறிக்கும் வகைதானா என்று அதில் குறியிடப்பட்ட கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். எல்லாச் சான்றுகளும் மீண்டும் ஜெர்மனிக்குள் நுழைய அனுமதிப்பதில்லை.

முழுமையான விண்ணப்பம் கொடுத்து மூன்று மாதங்களாகியும் தக்க காரணமின்றி முடிவு வரவில்லை என்றால், நிர்வாக நீதிமன்றத்தில் செயலின்மை வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு முன் கெடு குறிப்பிட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது நல்லது. பல கோப்புகள் அந்தக் கடிதத்திலேயே நகர்கின்றன.

8. அட்டை வந்தபின்

அட்டையில் எந்தப் பிரிவு அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை அலுவலகத்திலேயே பாருங்கள். நிறுவனத்தின் பெயரோ வேலை வகையோ கட்டுப்பாடாக எழுதப்பட்டிருக்கக் கூடாது. எந்த வேலையும் பார்க்கலாம் என்றே இருக்க வேண்டும். அட்டைக்குப் பத்தாண்டு போன்ற ஒரு காலாவதித் தேதி இருப்பது கண்டு பதற வேண்டாம். பிளாஸ்டிக் அட்டைதான் காலாவதியாகிறது, உரிமை அல்ல.

இந்த அனுமதியும் நீண்ட நாள் வெளிநாட்டில் தங்கினால் போய்விடக்கூடியதே. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊரில் பல மாதங்கள் இருக்க நேரலாம் என்று நினைப்பவர்கள், ஐந்து ஆண்டுகள் நிறைந்ததும் 9ஏ பிரிவின் கீழ் ஐரோப்பிய ஒன்றிய நீண்டகாலக் குடியிருப்பு அனுமதியையும் கேட்பதைப் பரிசீலிக்கலாம். அது ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதங்கள் வரை தங்கினாலும் நீடிக்கும். அதற்கான ஐந்து ஆண்டுகளிலும் படித்த காலத்தில் பாதி சேர்க்கப்படுகிறது.

மனைவியோ கணவரோ குடும்ப அட்டையில் இருந்தால், உங்களுக்கு 18சி பிரிவின் கீழ் அனுமதி கிடைத்ததும் அவருடைய கணக்கும் மாறுகிறது. மூன்று ஆண்டுகள் குடியிருப்பு அட்டை வைத்திருந்து வாரம் குறைந்தது 20 மணிநேரம் வேலை பார்ப்பவராக இருந்தால், மொழி முதலான மற்ற நிபந்தனைகளுடன் அவரும் ஐந்து ஆண்டு காத்திராமல் விண்ணப்பிக்கலாம். அவருடைய அட்டைகளுக்கும் தனியாக ஒரு தாள் போட்டு, முதல் அடியிலிருந்து தொடங்குங்கள்.